பார்த்ததா, கேட்டதா?

அக்கா,

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு நாள் காலை உங்கள் போன் சத்தம் போட்டது. யாரும் கூப்பிடவில்லை. அந்தப் பயணக் குழுவிலிருந்து செய்தி வந்தால் மட்டும் கேட்குமே, பாத்திரத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விழுகிற மாதிரி, அந்தச் சத்தம். நான் இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தேன். கரண்டியை அப்படியே வைத்துவிட்டு, நீங்கள் எதிர்வீட்டிலிருந்து செருப்பை இழுத்துக்கொண்டு வருவீர்கள் என்று வாசலைப் பார்த்தேன். அப்புறம்தான் போன் என் வீட்டுப் பூஜை அலமாரியின் கீழ்த்தட்டில் இருப்பது நினைவுக்கு வந்தது.

காரியம் முடிந்த மறுவாரம் உங்கள் வீட்டு சார் அதை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். "இதுல வர்றது ஒண்ணும் எனக்குப் புரியலம்மா. உங்க ரெண்டு பேரு சமாச்சாரம். நீயே வச்சுக்கோ" என்றார். சார்ஜரையும் ஒரு மஞ்சள் பையில் சுற்றிக் கொடுத்தார். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது அதற்கும் சார்ஜ் போட்டு வைக்கிறேன். துணி உறையில் இன்னும் உங்கள் முழங்கால் தைலத்தின் வாசனை இருக்கிறது. முதலில் அந்த வாசனைக்காகத்தான் எடுத்தேன். செய்தியைப் பிறகுதான் படித்தேன்.

உள்ளூர் ஆலோசகர்களுக்கு அறிவிப்பு என்று தலைப்பு. பழைய பதில்கள் பல இப்போது பொருந்தவில்லை என்று பயணிகள் குறை சொல்கிறார்களாம். எழுதியவர்கள் இந்த மாதம் முடிவதற்குள் தங்கள் பதில்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து உறுதி செய்ய வேண்டுமாம். உறுதி செய்யாதவை நீக்கப்படுமாம். கீழே உங்கள் பெயர் போட்டு, நன்றியும் வணக்கமும் சொல்லியிருந்தார்கள். நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதியிருந்தார்கள்.

நீங்கள் எழுதிய எல்லாம் போய்விடும் என்பது எனக்கு இட்லி வெந்து இறக்கிய பிறகுதான் உறைத்தது. உங்கள் புடவைகளை உங்கள் நாத்தனார் எடுத்துப் போய்விட்டார். அலமாரியைச் சார் காலி செய்துவிட்டார். உங்கள் குரல் இருக்கிற இடம் இப்போது அது ஒன்றுதான். எங்கோ ஊர் பேர் தெரியாதவர்களுக்கு, பஸ் எங்கே நிற்கும், செருப்பை எங்கே விடலாம் என்று நீங்கள் சொன்ன பதில்கள்.

இது எப்படி ஆரம்பித்தது என்று உங்களுக்கு நினைவிருக்கும். நீங்கள் நெய்வேலி டவுன்ஷிப்பில் வளர்ந்தவர். சாருக்குக் கலெக்டர் ஆபீஸ் பக்கம் வேலை மாற்றலாகி வேங்கிக்காலில் எங்கள் தெருவுக்குக் குடிவந்தீர்கள். கோயிலுக்குப் போகலாமா அக்கா என்று வந்த புதிதில் கூப்பிட்டேன். "நீ போய்ட்டு வாம்மா. எனக்கு வேண்டுதல் ஒண்ணும் இல்ல" என்று சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். எனக்குச் சுருக்கென்றது. அண்ணாமலையார் ஊரில் வந்து உட்கார்ந்துகொண்டு இப்படிப் பேசுகிறாரே என்று என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லிப் புலம்பினேன்.

ஒரு சித்திரை மாதத்தில் உங்கள் அண்ணன் குடும்பம் வந்தது. போனில் யாரோ எழுதிய ஆலோசனையைப் படித்துவிட்டு, மத்தியான வெயிலில் வெறுங்காலோடு கிரிவலம் கிளம்பினார்கள். பாதிப் பாதையிலிருந்து ஆட்டோவில் திரும்பி வந்தார்கள். பிள்ளைகளின் உள்ளங்கால் எல்லாம் கொப்புளம். நீங்கள் அந்தப் பதிலைத் தேடி எடுத்து எனக்குப் படித்துக் காட்டினீர்கள். "எந்த நேரத்திலும் நடக்கலாமாம். இறைவன் பார்த்துக்கொள்வாராம். யாரும்மா இதை எழுதினது? இந்த ஆளு இந்த ஊருக்கு வந்திருக்கானா?" உங்கள் முகத்தில் அன்று பார்த்த கோபத்தை அதற்குப் பிறகு நான் அதிகம் பார்த்ததில்லை. அன்று சாயங்காலமே அந்தக் குழுவில் சேர்ந்தீர்கள். ஊருக்கு ஊர் பக்கம் இருந்தது. போகிறவர்கள் கேட்பார்கள். அந்தந்த ஊரில் இருப்பவர்கள் பதில் சொல்வார்கள். மாதத்துக்கு ஒரு முறை ஊர்ச் செய்தி என்று எழுத வேண்டும். நம் ஊர்ப் பக்கம் ஆளில்லாத வீடு மாதிரி கிடந்தது. கூட்டிப் பெருக்கி உட்கார்ந்துகொண்டீர்கள்.

உங்களுக்கு எழுத வரும், இங்கிலீஷ் வரும். முழங்கால்தான் வராது. நான் எட்டாம் வகுப்போடு கீழ்பென்னாத்தூரில் பள்ளிக்கூடத்தை விட்டவள். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் பொட்டலம் கட்டிய பேப்பரும் கோயில் கடைப் புத்தகமும்தான். ஆனால் பௌர்ணமி தவறாமல் நடக்கிறவள். "நீ நட, நான் எழுதுறேன். நீ சாமியைப் பாரு, நான் பஸ்ஸைப் பாக்குறேன்" என்றீர்கள். அப்படித்தான் ஆயிற்று.

ஒவ்வொரு பௌர்ணமிக்கும் மறுநாள், நான் குளித்து பூஜை முடிக்கிற நேரம் பார்த்து வந்துவிடுவீர்கள். "எங்கம்மா, கீழ்பென்னாத்தூரு ரிப்போர்ட்டர்?" என்று கேட்டுக்கொண்டே வருவீர்கள். கால் வலியோடு உட்கார்ந்திருப்பேன். நீங்கள் உங்கள் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டு அதே கையோடு என் பாதத்துக்கும் தேய்ப்பீர்கள். வேண்டாம் அக்கா, வயசில் பெரியவர் காலைத் தொடக் கூடாது என்றால் கேட்கமாட்டீர்கள். பிறகு விசாரணை. குடிதண்ணீர் எங்கெங்கே இருந்தது. பெண்கள் போகிற மாதிரி கழிப்பறை எது. எந்த இடத்தில் விளக்கு இல்லை. செங்கம் ரோட்டில் வண்டிகளை எங்கே நிறுத்திவிட்டார்கள். நான் சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றுக்கும் தலையைத் தூக்கி ஒரே கேள்வி கேட்பீர்கள்.

"பார்த்ததா, கேட்டதா?"

முதல் தடவை எனக்குக் கோபம் வந்துவிட்டது. அண்ணாமலையாரைச் சுற்றிவந்த வாயால் பொய் சொல்வேனா என்று கேட்டேன். நீங்கள் போனைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னீர்கள். "பொய்யின்னு யாரும்மா சொன்னா? நீ கேட்டதையும் பார்த்த மாதிரியே சொல்ற. உனக்கு எல்லாத்து மேலயும் நம்பிக்கை ஜாஸ்தி. அதை நம்பி ஒருத்தன் குழந்தையைத் தூக்கிட்டு வருவான்." அதன் பிறகு நான் சொல்வதிலேயே பிரித்துச் சொல்லப் பழகினேன். வீட்டுக் கணக்கில் அரிசியை அரிசியின் கீழும் பருப்பைப் பருப்பின் கீழும் எழுதுகிறவள்தானே, இதுவும் வந்துவிட்டது. உங்கள் பதில் ஒவ்வொன்றின் முடிவிலும் அந்த ஒரு வார்த்தை இருக்கும். பார்த்தது. அல்லது, கேட்டது. குழுவில் மற்ற ஊர்க்காரர்கள் முதலில் கேலி செய்தார்கள். பிறகு இரண்டொரு ஊர்ப் பக்கங்களில் அவர்களும் அப்படியே எழுத ஆரம்பித்தார்கள். அன்று நீங்கள் எனக்குக் கேசரி செய்து கொண்டுவந்தீர்கள்.

நமக்குள் ஒரு சண்டை மட்டும் கடைசிவரை தீரவில்லை. அக்னி லிங்கத்தின் மகிமை, எம லிங்கத்தில் வேண்டிக்கொண்டால் என்ன பலன் என்று நான் சொல்வதையெல்லாம் நீங்கள் எழுதவே மாட்டீர்கள். "அதையெல்லாம் அவங்க வந்து பாத்துக்குவாங்க. நீ செருப்பை எங்க விடலாம்னு சொல்லு" என்பீர்கள். செருப்பில் என்ன இருக்கிறது என்று நான் முணுமுணுத்தால், "செருப்பு தொலைஞ்சவன் மனசுல சாமி நிக்குமா?" என்று கேட்டு என் வாயை அடைத்துவிடுவீர்கள்.

நாக்பூர்க்காரர்கள் வந்த நாளை நான் மறக்கவில்லை அக்கா. நீங்களும் மறந்திருக்கமாட்டீர்கள்.

தமிழ்க் குடும்பம்தான், அங்கேயே போய்த் தங்கிவிட்டவர்கள். அந்தப் பெண் எழுதிக் கேட்டிருந்தாள். செவ்வாய்க்கிழமை பௌர்ணமிதானே, அப்பாவோடு வருகிறேன், அம்மா படுத்த படுக்கையாக இருக்கிறார், அவருக்கு வீடியோவில் கிரிவலக் கூட்டத்தைக் காட்ட வேண்டும் என்று. நீங்கள் என்னைக் கேட்டீர்கள். நான் நாள்காட்டித் தாளைப் பார்த்துவிட்டு ஆமாம் என்றேன். ஆமாம், செவ்வாய்க்கிழமை பௌர்ணமி என்று நீங்கள் எழுதினீர்கள். பார்த்தது என்றும் போட்டீர்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. திங்கள் மத்தியானம் பௌர்ணமி பிறந்து செவ்வாய் மத்தியானம் முடிந்துவிட்டது. அப்படி இருந்தால் ஊர் முழுக்கத் திங்கள் ராத்திரிதான் நடக்கும். இங்கே பிறந்த பிள்ளைக்கும் அது தெரியும். அதனால்தான் அதை எழுத வேண்டும் என்று நம் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

செவ்வாய் சாயங்காலம் உங்கள் போனுக்கு அவளிடமிருந்து செய்தி வந்தது. ரோட்டில் யாருமே இல்லையே, நாங்கள் சரியான பாதையில்தான் நிற்கிறோமா என்று கேட்டிருந்தாள். நீங்கள் அதை எனக்குப் படித்துக் காட்டினீர்கள். நான் ஏதேதோ சொன்னேன். அவர்கள் பஞ்சாங்கம் பார்த்திருக்க வேண்டாமா என்றுகூடச் சொன்னேன்.

"அவங்க பஞ்சாங்கத்தைக் கேக்கலம்மா, நம்மளைக் கேட்டாங்க. வா, போலாம்" என்றீர்கள்.

எங்கே என்று கேட்டேன். "நடக்கத்தான்" என்றீர்கள்.

ஆட்டோ பிடித்து எம லிங்கத்துக்குப் பக்கத்தில் அவர்களைக் கண்டுபிடித்தோம். அந்தப் பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, துடைத்துவிட்ட மாதிரி கிடந்த ரோட்டைப் பார்த்தபடி நின்றார். முந்தின நாள் கூட்டம் விட்டுப்போன தண்ணீர் பாட்டில்களும் கற்பூரக் கரியும்தான் கிடந்தன. நீங்கள் போய் முதல் வார்த்தையாக, தப்பு எங்களுடையது என்றீர்கள். அந்தப் பெண்ணின் கண் கலங்கிவிட்டது. அவளுக்கு நம்மேல் கோபமில்லை. அம்மாவிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். மறுநாள் காலை அவர்களுக்கு ரயில்.

அன்றைக்கு நீங்கள் நடந்தீர்கள் அக்கா. வேண்டுதல் இல்லாத நீங்கள். முழங்கால் இல்லாத நீங்கள். ஆட்டோவில் பின்னாலேயே வாருங்கள் என்று நான் எவ்வளவோ சொன்னேன். "நான் அனுப்பின ஆளு நடக்கும்போது நான் ஆட்டோல வரணுமா?" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தீர்கள். நிருதி லிங்கம் தாண்டி ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்தோம். அதற்கப்புறம் கண்ட இடத்திலெல்லாம் உட்கார்ந்தோம். அடி அண்ணாமலை வந்தபோது உங்களால் முடியவில்லை. அங்கே ஒரு டீக்கடை. கடைக்கார அம்மா முந்தின நாள் கூட்டத்தில் களைத்துப்போய், பாய்லரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நாம் நான்கு பேர் வருவதைப் பார்த்துவிட்டு, "எல்லாம் நேத்தே முடிஞ்சிடுச்சே, இன்னிக்கு யாரைப் பாக்க வந்துட்டீங்க?" என்று கேட்டாள்.

கேலியாகத்தான் கேட்டாள். ஆனால் அந்தப் பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அவரைப் பார்க்கப் பொறுக்கவில்லை. "மலை எங்கயும் போகலியேம்மா, அதைப் பாக்கத்தான்" என்றேன். சாதாரணமாகத்தான் சொன்னேன். நீங்கள் பெஞ்சில் உட்கார்ந்தபடி என்னையே நிமிர்ந்து பார்த்தீர்கள்.

அதற்குள் நிலா கிளம்பிவிட்டது. கொஞ்சம்தான் தேய்ந்திருந்தது. அந்தப் பெண் அம்மாவுக்கு வீடியோ போட்டாள். கூட்டம் இருந்திருந்தால் தலைகள்தான் தெரிந்திருக்கும். அன்று மலை முழுசாகத் தெரிந்தது. படுத்திருந்த அந்த அம்மா, "யாரும் குறுக்க வராம காட்றீங்களே" என்று மட்டும் சொன்னது கேட்டது. டீக்கடை அம்மா அடுப்பை மறுபடி பற்றவைத்தாள். உங்கள் முழங்காலுக்கு வெந்நீர் துணி வைத்துவிட்டதும் அவள்தான்.

வீடு வந்து சேர்ந்ததும் படுக்கப் போவீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு எழுத உட்கார்ந்தீர்கள். அந்த மாத ஊர்ச் செய்தியின் மேலே புதிதாக ஒரு பகுதி வந்தது. 'இங்கே எல்லாருக்கும் தெரிந்ததால் உங்களுக்கு யாரும் சொல்லாதவை' என்று அதற்குப் பெயர் வைத்தீர்கள். முதல் வரி திதியைப் பற்றி. பௌர்ணமி எப்போது பிறக்கிறது, எப்போது முடிகிறது, அதில் எந்த ராத்திரி ஊர் நடக்கும் என்று பச்சைக் குழந்தைக்குச் சொல்வதுபோல எழுதினீர்கள். அதற்குப் பிறகு ஒரு மாதம்கூட அந்தப் பகுதி விட்டுப்போகவில்லை. தீபத்தன்று வண்டிகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். மலைமேல் ஏற நினைத்தபோதெல்லாம் விடமாட்டார்கள். கோபுரத்துக்குள் போகிற வழியும் வருகிற வழியும் ஒன்றாக இருக்காது, அதனால் செருப்பை யோசித்து விட வேண்டும். நமக்குக் காற்றும் தண்ணீரும் மாதிரி தெரிந்தவை. ஒவ்வொன்றையும் எழுதும்போது, "இதுகூடவா அக்கா எழுதணும்?" என்று கேட்பேன். "இதைத்தாம்மா எழுதணும்" என்பீர்கள்.

மார்கழியில் நீங்கள் படுத்தீர்கள். முதலில் சளி என்றார்கள். பிறகு வேலூருக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். பிறகு எதையும் சொல்வதையே நிறுத்திவிட்டார்கள். நான் ஒவ்வொரு பௌர்ணமியும் உங்களுக்காக நடந்தேன். அதை உங்களிடம் சொல்லவில்லை. ஆனால் தெரிந்துகொண்டீர்கள். பிரசாத விபூதியோடு நான் வந்து நின்றபோது, மூக்கில் குழாயோடு கண்ணைத் திறந்து, "வெளியூர் பஸ்ஸையெல்லாம் புது ஸ்டாண்டுக்கு மாத்திட்டாங்களாமே?" என்று கேட்டீர்கள். ஆமாம் அக்கா என்றேன். விரலை மட்டும் ஆட்டினீர்கள். நான் புரிந்துகொண்டு, "கேட்டதுதான். இன்னும் போய்ப் பாக்கல" என்றேன். உங்கள் உதட்டில் சிரிப்பு வந்தது. விபூதியை நெற்றியில் வைத்தபோது வேண்டாம் என்று சொல்லவில்லை.

மாசித் தேய்பிறையில், சிவராத்திரி வருவதற்குள் போய்விட்டீர்கள். நான் பக்கத்தில் இருந்தேன். இன்னும் கொஞ்சம் தாங்கியிருந்தால் சிவராத்திரியில் போயிருப்பீர்களே என்று எனக்கு ஆற்றாமை. நீங்கள் கேட்டால் சிரிப்பீர்கள். அந்த நாளில் ரோட்டில் கூட்டம், சாவு வண்டிக்கு வழி கிடைக்காதும்மா என்பீர்கள்.

அறிவிப்பு வந்த பிறகு நான் செய்ததைச் சொல்கிறேன். உங்கள் பதில்களை மேலிருந்து கீழாகப் படித்தேன். இங்கிலீஷை அந்த போனே தமிழாக்கிக் காட்டுகிறது. அது பேசுகிற தமிழைக் கேட்டால் நீங்கள் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள். ஆனாலும் அதற்குள் உங்கள் குரல் கேட்கிறது. பிறகு விடிந்தும் விடியாத நேரத்தில் கிளம்பினேன். பௌர்ணமி இல்லாத சாதாரண நாள். கையில் உங்கள் போன். வேண்டிக்கொண்டு நடக்காத முதல் கிரிவலம் அது. தப்பாக இருந்தால் அண்ணாமலையார் மன்னிக்கட்டும்.

சில சரியாக இருந்தன. சில இல்லை. நீங்கள் சுத்தமாக இருக்கிறது என்று எழுதிய கழிப்பறை பூட்டிக் கிடக்கிறது. தண்ணீர்க் குழாய் எதிர்ப்பக்கம் போய்விட்டது. நிருதி லிங்கம் தாண்டி, 'முழங்கால் வலி உள்ளவர்கள் இங்கே உட்காருங்கள், நல்ல நிழல், பார்த்தது' என்று எழுதியிருந்தீர்களே, அந்தப் புளியமரம் இல்லை. நான் முதலில் இடத்தைத் தவறவிட்டுவிட்டோமென்று நினைத்துத் திரும்பி நடந்தேன். மறுபடியும் வந்தேன். மரம் இல்லை. வெட்டிய அடி மட்டும் மண்ணோடு மண்ணாக இருக்கிறது. அதில் உட்கார்ந்துகொண்டு அழுதேன் அக்கா. உங்கள் வார்த்தையை அழிக்க எனக்குக் கை வரவில்லை. மரம் இருக்கிறது என்றே விட்டுவிட்டால் என்ன, யார் வந்து பார்க்கப்போகிறார்கள் என்று ஒரு நினைப்பு வந்தது. உடனே சித்திரை வெயிலில் யாரோ ஒரு பெண்பிள்ளை உங்களை நம்பி, வலிக்கிற காலோடு அந்த மரத்தைத் தேடிக்கொண்டு நிற்பது கண்முன் வந்தது. 'மரம் இப்போது இல்லை. பார்த்தது' என்று எழுதினேன். நீங்களாக இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பீர்கள்.

எல்லாம் சரிபார்த்த பிறகு ஒன்று பாக்கி இருந்தது. உறுதி செய்கிற இடத்தில், எழுதியவர் நீங்கள்தானா என்று கேட்டிருந்தது. விரல் அங்கே நின்றுவிட்டது. ஆம் என்று அழுத்தினால் எல்லாம் அப்படியே இருக்கும். உங்கள் பெயரும் உயிரோடு இருக்கும். இல்லை என்றால் என்ன ஆகும் என்று தெரியவில்லை. கணக்கையே மூடிவிடுவார்களோ என்று பயம். இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. அப்போதுதான் எனக்குப் பட்டது. நீங்கள் போனது நம் தெருவில் எல்லாருக்கும் தெரியும். பால்காரருக்குத் தெரியும், ரேஷன் கடையில் தெரியும். அதனால் அதைச் சொல்ல வேண்டும் என்று யாருக்குமே தோன்றவில்லை. அந்தக் குழுவில் உங்களைக் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறவர்களுக்குத்தான் அது தெரியாது.

குழுவை நடத்துகிறவர்களுக்கு உள்ளதை உள்ளபடி எழுதினேன். எழுதியவர் இறந்துவிட்டார், நான் அவருக்காக நடந்து பார்த்துச் சொன்னவள், இப்போதும் நடந்து பார்த்துவிட்டேன் என்று. பிறகு உங்களுக்கு வழக்கமான அந்தப் பகுதியைத் திறந்தேன். இங்கே எல்லாருக்கும் தெரிந்ததால் உங்களுக்கு யாரும் சொல்லாதவை. தமிழில்தான் எழுதினேன். 'எங்கள் அக்கா அண்ணாமலையார் திருவடி சேர்ந்தார்' என்று முதலில் வந்தது. அப்படித்தானே நாங்கள் சொல்வோம். எழுதி முடித்ததும் உங்கள் கேள்வி காதில் விழுந்தது. நான் நம்புகிறேன் அக்கா, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கேள்வி அது இல்லை. அழித்துவிட்டு இரண்டு வரியாக எழுதினேன்.

'இந்தப் பக்கத்தை எழுதி வந்த அக்கா மாசி மாதம் இறந்துவிட்டார். பார்த்தது.

அண்ணாமலையார் திருவடியில் இருக்கிறார். கேட்டது.'

உங்களுக்கு இரண்டாவது வரி பிடித்திருக்காது. ஆனால் அதன் முடிவில் நான் போட்ட வார்த்தையைப் பார்த்து விட்டுக்கொடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

பதில் வந்தது. உங்கள் பதில்களை உங்கள் பெயரிலேயே வைத்துக்கொள்வார்களாம். அவற்றை நான் என் பெயரில் உறுதி செய்யலாமாம். இனி வருகிற கேள்விகளுக்கு என் பெயரில்தான் பதில் எழுத வேண்டுமாம். எனக்கென்று ஒரு பக்கம் திறந்துகொண்டேன். படம் போடச் சொன்னது. மலையைப் போட்டேன்.

யார் யாரோ எழுதியிருந்தார்கள் அக்கா. உங்கள் சொல் கேட்டு நடந்தவர்கள், தங்கியவர்கள், உங்களால் செருப்புத் தொலையாமல் வீடு போய்ச் சேர்ந்தவர்கள். நாக்பூர்ப் பெண்ணும் எழுதியிருந்தாள். அவள் அம்மா அடுத்த வருஷமே போய்விட்டாராம். கடைசிவரை அந்த வீடியோவைப் போடச் சொல்லிப் பார்த்தாராம். அப்பாவும் அவளும் உங்கள் நினைவு நாளுக்கு வந்து நடக்க நினைக்கிறார்களாம். கீழே இப்படிக் கேட்டிருந்தாள். "எப்போ வரணும் ஆன்ட்டி? தேதியா, திதியா? போன தடவை மாதிரி இல்லாம, உங்க ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்சதையும் சேர்த்துச் சொல்லுங்க."

படித்துவிட்டுச் சிரித்தேன். நீங்கள் போன பிறகு சத்தமாகச் சிரித்தது அன்றுதான். என் பெயரில் நான் எழுதிய முதல் பதில் அவளுக்குத்தான். அதை இங்கேயும் எழுதுகிறேன். விட்டுப்போனது ஏதாவது இருந்தால் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

'திதிக்கு வாருங்கள். மாசி மாதத் தேய்பிறை துவாதசி. அது ஒவ்வொரு வருஷமும் வேறு தேதியில் வரும். நாள்காட்டித் தாளைப் பார்த்து டிக்கெட் எடுக்காதீர்கள், முதலில் என்னைக் கேளுங்கள். அன்று நிலா இருக்காது, விடியற்காலையில்தான் தேய்ந்துபோய்த் தெரியும். ரோட்டிலும் கூட்டம் இருக்காது. அது பற்றிக் கவலைப்பட வேண்டாம். நிருதி லிங்கத்துக்கு அப்பால் நாம் உட்கார்ந்த புளியமரம் இல்லை, அதனால் அப்பாவுக்குக் குடை கொண்டுவாருங்கள். அடி அண்ணாமலையில் அந்த டீக்கடை இருக்கிறது. அக்கா காலை நீட்டி உட்கார்ந்த பெஞ்சும் அதே இடத்தில் இருக்கிறது. பார்த்தது.'